பாசிக்காப்புள்ள ஈயத்தலைத் தூண்டில்: வீட்டில் செய்துகொள்ளும் முறை

ஏரி, குளம், குட்டைகளில் தூண்டில் கொண்டு மீன் பிடிப்போருக்கு நேரும் நஷ்டங்களில் பெரும்பகுதி மீனால் நேர்வதன்று, பாசியால் நேர்வது. விரால், குறவை முதலிய மீன்கள் தெளிந்த ஜலத்தை நாடுவதில்லை. வேலம்பாசி, அல்லி, தாமரை, வெங்காயத்தாமரை, சம்பு, கோரை ஆகியவை அடர்ந்த இடமே அவற்றிற்கு நிழலும் உணவும் மறைவும் ஆகும். மீன் உள்ள இடத்தில் தூண்டிலை இட்டால் முள் கொடியில் மாட்டுகிறது. முள் மாட்டாத இடத்தில் இட்டால் மீன் இல்லை. இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பதற்கு ஏற்பட்ட சிறு சாதனமே பாசிக்காப்பு. அதனை வீட்டிலேயே சொற்பச் செலவில் செய்துகொள்ளும் முறை இப்பாடத்தில் விவரிக்கப்படுகிறது.

நமது ஏரிகளில் தூண்டில் இடுதல் புதிய வித்தையன்று. சென்னை மாகாண ஸிவில் உத்தியோகத்திலிருந்த ஹென்றி ஸலிவன் தாமஸ் என்பவர் 1873 ஆம் வருஷத்தில் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுதலைப் பற்றியும், 1887 இல் ஏரித் தூண்டிலைப் பற்றியும் தனித்தனி நூல்கள் வெளியிட்டார். ஈயத்தலைத் தூண்டிலோ மேனாடுகளில், சிறப்பாக அமெரிக்காவின் பாசி மிகுந்த ஏரிகளில், பெரிதும் பழக்கத்திற்கு வந்தது. அங்கே அதனை ‘ஜிக்’ என்பர். இந்நாளில் நம் நாட்டுப் பட்டணக் கடைகளிலும் அது கிடைக்கிறது.

1. தூண்டிலின் உறுப்புகள்

முறையைக் கற்குமுன் உறுப்புகளின் பெயரை அறிதல் அவசியம். நரம்பு கட்டும் துவாரம் ‘கண்’. கண்ணிலிருந்து நேராகச் செல்லும் பகுதி ‘தண்டு’. தண்டு முடிந்து திரும்பும் இடம் ‘வளைவு’. கூரிய முனை ‘நுனி’. நுனிக்குச் சற்றுக் கீழே, மீன் நழுவாதபடி பின்னோக்கி நிற்பது ‘எதிர்முள்’. தண்டிற்கும் நுனிக்கும் இடையிலுள்ள அகலம் ‘வாய்’.

ஈயத்தலைத் தூண்டிலில் கண்ணின் அருகே தண்டின்மேல் ஈயம் வார்க்கப்பட்டிருக்கும். கண்ணுள்ள முனை வளைக்கப்பட்டிருத்தலாலும், பாரம் முழுதும் தலையில் இருத்தலாலும், இழுக்கும்போது தூண்டில் தலைகீழாகத் திரும்பி, நுனி மேல்நோக்கி நிற்கும். ஆகையால் அடித்தரையில் முள் மாட்டுதல் குறைவு. ஆனால் நிமிர்ந்து நிற்கும் கொடிகளும் காம்புகளும் கண்ணின்மேல் ஏறி, தண்டின் வழியே வழுக்கிச் சென்று, திறந்த வாயில் நேராக விழுகின்றன. அவ்வாயை மறைப்பதே காப்பின் வேலை.

2. இலேசான தூண்டிலுக்குத் தனிக்காப்பு ஏன்?

பெரிய தூண்டில் 14 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளது. தடித்த நரம்பும் விறைப்பான கோலும் கொண்டு அதனை வலிந்து இழுக்கலாம். அதன் காப்பு, விறைத்த இழைகள் பலவற்றைச் சேர்த்த ஒரு சிறு தூரிகை போல் இருக்கும். பெரிய மீன் கவ்வி, பிடிப்பவர் பலமாக இழுக்கும்போது அத்தூரிகை மடங்கிவிடும்.

2 முதல் 4 கிராம் வரை எடையுள்ள இலேசான தூண்டிலின் நிலை வேறு. அதன் முள் மெல்லியது, நரம்பு மெல்லியது, கோலும் வளைந்து கொடுப்பது. பலமாக இழுத்தால் நரம்பு அறும், அல்லது முள் நிமிர்ந்துவிடும். இதற்குத் தடித்த தூரிகைக்காப்பைப் பொருத்தினால் மீன் கவ்வினாலும் காப்பு மடங்காது. நுனி மீனின் வாயைத் தொடாது. காப்பே இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் பாசி ஏறும். எனவே இலேசான தூண்டிலுக்குக் காப்பு செய்வதன் இரகசியம் முழுதும் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: கொடி தள்ளும்போது நிற்கவேண்டும், மீன் கவ்வும்போது மடங்கவேண்டும். கொடி ஒரு பக்கமாக உரசிச் செல்கிறது. மீனோ தலையையும் முள்ளையும் சேர்த்து மேலும் கீழும் அழுத்துகிறது. இவ்விரு பலங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் காப்பு பிழைக்கிறது.

கடையில் வாங்கும் சிறு தூண்டில்கள் பல காப்பின்றியே வருகின்றன. காப்புடன் வருபவற்றிலும் இழைகள் அதிகமாயிருப்பின், பாதி இழைகளை அடியோடு கத்தரித்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இஃது எல்லாவற்றிலும் எளிய சீர்திருத்தம்.

3. வேண்டிய பொருள்கள்

தங்கூஸ் நரம்பு 0.40 மில்லிமீட்டர் முதல் 0.70 மில்லிமீட்டர் வரை கனமுள்ளது சிறிதளவு, மெழுகு தடவிய மெல்லிய உறுதியான நூல், இரு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் பசை அல்லது நகப்பூச்சு, சிறு கத்தரி, குறடு, தீப்பெட்டி. இவையே போதும். தங்கூஸ் எனப்படும் நைலான் 1938 ஆம் வருஷத்தில்தான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர்ப் பட்டுப்புழுவின் குடலிலிருந்து எடுத்த நரம்பே தூண்டிலின் முனையில் கட்டப்பட்டது. நைலானின் விசேஷம் யாதெனில், வளைத்து விட்டால் முன்னிருந்த நிலைக்குத் திரும்பும். வலையினின்றும் தூண்டிலினின்றும் கழிக்கப்பட்ட பழைய துண்டுகளே காப்பிற்குப் போதுமானவை. வெயிலில் நாட்பட்டு வெளுத்து முறியும் துண்டுகளை மட்டும் விலக்கவேண்டும்.

கம்பிக்காப்பு செய்வோருக்கு 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பி வேண்டும். வீணையின் மெல்லிய எஃகுத் தந்தியும், சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தால் வரும் தனி இழையும் இதற்கு ஏற்றவை. செம்புக் கம்பியும் கட்டுக்கம்பியும் உதவா. அவை மடங்கினால் மடங்கியபடியே நிற்கும். பனந்தும்பு போன்ற இழைகளை ஆள விரும்புவோர், அவற்றை ஓரிரவு ஜலத்தில் ஊறவைத்து, பின்னும் விறைப்பு இருக்கிறதா என்று பார்த்தே கொள்ளவேண்டும்.

4. செய்முறைகள்

முதல் முறை: ரப்பர் வளையம். இதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. சிறிய மெல்லிய ரப்பர் வளையத்தைக் கண்ணில் நுழைத்து, தன்னுள்ளேயே திரும்ப இழுத்துச் சுருக்கிடவேண்டும். மறுமுனையை நீட்டி நுனிக்குக் கீழே எதிர்முள்ளின்மேல் இலேசாக மாட்டவேண்டும். மீன் கவ்வினால் வளையம் நழுவி நுனி வெளிப்படும். வளையம் தளர்ந்தும் இறுகாமலும் நிற்றல் வேண்டும். மிக இறுக்கமாயிருந்தால் எதிர்முள் ரப்பரை அறுத்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் மீண்டும் மாட்டவேண்டியிருத்தல் இதன் குறை. புதிதாகக் கற்போர் இதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் முறை: தங்கூஸ் வளையம்.

(அ) தூண்டிலின் தலையைக் குறடினால் பிடித்து, குறடின் கைப்பிடிகளை ரப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். நுனியில் ஒரு தக்கைத் துண்டைக் குத்திவைப்பின் விரலில் காயம் படாது.

(ஆ) ஈயத்தலையின் பின்னிருந்து தொடங்கி, வளைவு ஆரம்பிக்கும் இடம் வரை நூலை நெருக்கமாகச் சுற்றவேண்டும்.

(இ) 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தங்கூஸின் ஒரு முனையை வளைவின் தொடக்கத்தில் வைத்து, தண்டோடு சேர்த்து நூலால் இறுகக் கட்டவேண்டும். வாய் 8 முதல் 10 மில்லிமீட்டர் உள்ள முள்ளுக்கு 0.40 மில்லிமீட்டர் கனமும், 12 மில்லிமீட்டர் உள்ளதற்கு 0.50 மில்லிமீட்டர் கனமும் பொருந்தும். கட்டுமுன் முனையைக் குறடினால் நசுக்கித் தட்டையாக்கினால் வழுக்காது.

(ஈ) இறகு, மயிர், நூற்குஞ்சம் முதலிய அலங்காரம் ஏதேனும் கட்டுவதாயின் இப்பொழுதே கட்டிவிடவேண்டும்.

(உ) தங்கூஸின் மறுமுனையை வளைவின் வெளிப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, நுனிக்கு முன்னே செலுத்தி, தலையின் பின்புறத்தில் தண்டோடு சேர்த்து இரண்டு சுற்று மட்டும் கட்டவேண்டும்.

(ஊ) முனையை இழுத்தும் தளர்த்தியும், வளையத்திற்கும் நுனிக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி செய்யவேண்டும். அளவு சரியான பின் இறுகக் கட்டி, மிகுதியைக் கத்தரித்து, பசையோ நகப்பூச்சோ தடவி உலரவிடவேண்டும்.

மூன்றாம் முறை: இருமீசைக் காப்பு. இலேசான தூண்டிலுக்கு இதுவே மிகச் சிறந்ததென்னலாம்.

(அ) 0.60 அல்லது 0.70 மில்லிமீட்டர் தங்கூஸில் 5 சென்டிமீட்டர் எடுத்து நடுவில் மடித்துக் குறடினால் அழுத்தவேண்டும்.

(ஆ) மடிப்பைத் தலையின் பின்னே, தண்டின்மேல், நுனி இருக்கும் பக்கமாக வைத்து நூலால் கட்டவேண்டும். இரு கால்களும் நுனியை நோக்கியிருக்கும்.

(இ) இரு கால்களுக்கும் இடையே நூலைக் குறுக்காக நான்கைந்து முறை செலுத்தினால் அவை மீசைபோல் இரு பக்கமும் விரியும். பின்பு கால்களின் அடியில், வளைவின் பக்கமாக, சில சுற்றுகள் சேர்த்தால் அவை மேலெழும். தண்டிற்கும் காலுக்கும் உள்ள சாய்வு செங்கோணத்தில் ஏறக்குறைய பாதியாக இருத்தல் நன்று.

(ஈ) பசை தடவி உலர்ந்தபின், கால்கள் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் நீளும்படி கத்தரிக்கவேண்டும். நுனி இரு கால்களுக்கும் நடுவே மறைந்திருத்தல் வேண்டும்.

முதலில் நீளமாக விட்டுப் பின் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. குறைத்ததை நீட்ட இயலாது.

நான்காம் முறை: கம்பிக்காப்பு. 7 சென்டிமீட்டர் எஃகுக் கம்பியை நடுவில் மடித்து, முன்சொன்ன இருமீசைபோலவே கட்டவேண்டும். இரு முனைகளையும் குறடினால் சிறு வளையங்களாகச் சுருட்டிவிடவேண்டும். இன்றேல் கம்பியின் கூரே கொடியில் மாட்டும், கையையும் கிழிக்கும். கம்பி மெல்லியதாயினும் உறுதியானது. சம்பு, கோரை போன்ற விறைத்த தண்டுகளிடையே இதுவே உதவும். துருப்பிடித்தல் இதன் குறை. வேலை முடிந்ததும் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வைப்பது நலம்.

5. சோதனை

செய்து முடித்த காப்பை ஏரிக்குக் கொண்டுபோகுமுன் இரண்டு சோதனைகள் செய்யவேண்டும்.

முதற் சோதனை கொடிக்கு உரியது. கனமான ஈரக்கயிறு ஒன்றை இரு கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டி, தூண்டிலின் நரம்பைப் பிடித்து அக்கயிற்றின்மேல் பத்து முறை மெதுவாக இழுக்கவேண்டும். ஒன்பது முறையேனும் மாட்டாமல் தாண்டினால் காப்பு போதுமான விறைப்புள்ளது.

இரண்டாம் சோதனை மீனுக்கு உரியது. வாழைமட்டைத் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் தூண்டிலின் நுனிப்பக்கத்தை இருவிரல் பலத்தால் மட்டும் அழுத்தவேண்டும். காப்பு மடங்கி நுனி மட்டையில் ஏறினால் சரி. ஏறாவிட்டால் காப்பு மிக விறைப்பானது. அத்தூண்டிலைக் கொண்டு நாள் முழுதும் நின்றாலும் மீன் கவ்விக் கவ்வி விட்டுவிடும்.

இரண்டிலும் தேறிய காப்பே காப்பு. ஒன்றில் மட்டும் தேறியது அரைவேலை. கயிற்றில் மாட்டினால் ஒரு படி தடித்த தங்கூஸ் கொள்க. மட்டையில் ஏறாவிட்டால் ஒரு படி மெல்லியது கொள்க, அல்லது கால்களைச் சற்று நீளமாக விடுக. நீளம் கூடினால் விறைப்பு குறையும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் இரு கால்களின் விரிவைச் சமமாக்குக.

6. ஏரியில் உபயோகிக்கும் விதம்

காப்பு உள்ளதென்று பாசியின் நடுவில் அலட்சியமாக எறிதல் கூடாது. கொடிகளின் ஓரத்திலும் இடைவெளிகளிலும் இட்டு மெதுவாக இழுக்கவேண்டும். கொடியில் தட்டியது கோலில் தெரிந்தால் வெட்டி இழுக்காமல், நரம்பைத் தளர்த்தி, மெல்லத் தூக்கினால் காப்பு தன் வேலையைச் செய்யும். வெட்டி இழுத்தால் காப்பு மடங்கி, முள் கொடியிலேயே ஏறிவிடும். மீன் கவ்வியபோதோ, நரம்பின் தளர்ச்சி நீங்கியவுடன் ஒரே சீராக உறுதியுடன் இழுக்கவேண்டும்.

தலையின் உருவமும் கவனிக்கத்தக்கது. கண் முனையிலேயே அமைந்த கூம்புத்தலை பாசியைப் பிளந்து செல்லும். கண் மேற்புறத்திலுள்ள உருண்டைத்தலையில் முடிச்சருகே பாசி சேரும். நூல்போன்ற வழுவழுப்பான பாசி நிறைந்த ஜலத்தில் எந்தக் காப்பும் பயன்படாது. அங்கே காப்பிலும் பாசி சுற்றிக்கொள்ளும். அத்தகைய இடத்தை விட்டு வேறிடம் செல்வதே விவேகம்.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்குவதைக் காணலாம். அவற்றின் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும். அருகில் வரும் எதையும் அவை சீறிக் கவ்வுமாதலால் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. ஆனால் காவல் போனால் குஞ்சுக்கூட்டம் முழுதும் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு விராலுக்காக ஒரு வருஷத்து விளைவை இழப்பது லாபமாகாது. சங்கம் குத்தகைக்கு எடுத்த ஏரியாயின் இது எல்லோருடைய சொத்தையும் அழிப்பதாகும்.

7. ஈயத்தைப் பற்றி எச்சரிக்கை

ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அடுப்பில் எளிதில் உருகுவதால் வீட்டிலேயே தலை வார்க்கப் பலர் விரும்புவர். ஈயம் விஷப்பொருள், குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெருந்தீங்கு விளைவிப்பது. சமையலறையில் உருக்குதலும், சமையல் பாத்திரத்தை இதற்கு ஆளுதலும் அறவே கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு துளி ஜலம் விழுந்தாலும் அது நீராவியாகிச் சிதறி முகத்தைச் சுடும். ஆகையால் தலையைக் கடையில் வாங்கிக் காப்பை மட்டும் வீட்டில் கட்டுவதே சாலச் சிறந்தது. ஈயக்குண்டைப் பல்லால் கடித்தல் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவியே உணவு கொள்ளவேண்டும்.

இங்கிலாந்தில் தூண்டிற்காரர் விட்ட ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மடிந்தன. அதன் காரணமாக 1987 இல் 28 கிராம் வரையிலுள்ள பெரும்பாலான ஈயக்குண்டுகள் அங்கே தடுக்கப்பட்டன. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தீங்கு மிகக் குறைவு. ஆனால் ஈயத்தைவிட இலேசானதால் அதே எடைக்குத் தலை ஒன்றரைப் பங்கு பெரிதாகும். இலேசான தூண்டிலில் இப்பெருக்கம் பெரிய குறையாகாது.

8. சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒரு கணக்கு பார்க்கலாம். சங்கத்தில் தூண்டில் இடுவோர் பத்துப்பேர் என்றும், ஒவ்வொருவரும் வாரத்திற்கு மூன்று தூண்டில்களைப் பாசியில் இழப்பதாகவும் கொள்வோம். வாரத்திற்கு 30, வருஷத்தின் 52 வாரங்களுக்கு 1,560. தூண்டிலின் விலையை இத்தொகையால் பெருக்கினால் நஷ்டம் விளங்கும். காப்பினால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சினாலும் 1,040 தூண்டில்கள் மீதமாம்.

பணநஷ்டம் மட்டுமன்று. அறுந்து கிடக்கும் முள் கொடியோடு கரை ஒதுங்குகிறது. துணி துவைக்கும் பெண்களின் காலிலும், குளிக்கும் குழந்தைகளின் பாதத்திலும், ஜலம் குடிக்க இறங்கும் மாட்டின் வாயிலும் அது தைக்கிறது. அறுந்த தங்கூஸில் நாரையும் நீர்க்காகமும் கால் சிக்கி மாள்கின்றன. ஏரி எல்லோருக்கும் பொதுவாதலால், ஒருவர் இழக்கும் முள் ஊராரின் காலில் ஏறுகிறது.

ஐக்கிய சங்கத்திற்கும் மீன் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. விவசாய பாங்குகளைப் பற்றி 1895 இலும் 1897 இலும் அறிக்கை வெளியிட்டு, 1904 ஆம் வருஷத்து ஐக்கிய நாணய சங்கச் சட்டத்திற்கு வழிகோலிய ஸர் பிரெடரிக் நிக்கல்ஸனே, சென்னை மாகாண மீன் இலாகாவையும் தோற்றுவித்தவர். தனித்தனியே செய்ய இயலாததைச் சேர்ந்து செய்தல் என்னும் அக்கொள்கை இச்சிறு விஷயத்திலும் பொருந்தும். சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

(1) தூண்டில், தங்கூஸ், நூல், பசை ஆகியவற்றை மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்கு அங்கத்தினருக்கு அளித்தல்.

(2) மாதம் ஒருநாள் மாலையில் அங்கத்தினர் கூடிக் காப்பு கட்டுதல். கைத்திறன் உள்ள ஒருவர் மற்றவருக்குக் கற்பித்தல்.

(3) எந்த முறையில் எத்தனை தூண்டில் இழந்தோம், எத்தனை மீன் நழுவின என்று ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வருதல். மூன்று மாதக் குறிப்பே அவ்வேரிக்கு ஏற்ற காப்பு எதுவென்று காட்டிவிடும்.

(4) கழிந்த தங்கூஸையும் முறிந்த முள்ளையும் போடக் கரையில் ஒரு மூடிய டப்பா வைத்தல்.

9. பாடத்தின் சுருக்கம்

காப்பு நுனியை மறைக்கவேண்டும், பூட்டலாகாது. தூண்டில் இலேசாயின் காப்பும் இலேசாயிருத்தல் வேண்டும். நீளமாகக் கட்டிச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். கயிற்றிலும் வாழைமட்டையிலும் சோதித்தே ஏரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். அறுந்த முள்ளைத் தேடி எடுத்துவிட்டே வீடு திரும்பவேண்டும்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நமது ஏரியில் மிகுதியாயுள்ள பாசி எது? அதற்குத் தங்கூஸ் காப்பு போதுமா, கம்பிக்காப்பு வேண்டுமா?

2. காப்பு விறைப்பாக இருந்தால் நேரும் நஷ்டமும், தளர்வாக இருந்தால் நேரும் நஷ்டமும் யாவை?

3. கால்களின் நீளத்தைக் குறைத்தால் விறைப்பு கூடுமா, குறையுமா? செய்து காட்டுக.

4. சென்ற மாதம் அங்கத்தினர் இழந்த தூண்டில்கள் எத்தனை? அவற்றின் விலையைக் கணக்கிடுக.